கிறிஸ்டோபரின் பச்சை முடிச்சு

காஞ்சிபுரத்தில் ஓடும் வண்டிக்கு ஹீட்டர் எதற்கு என்று கேட்டால் கிறிஸ்டோபரிடம் பதில் கிடையாது. இருபத்திரண்டு ஆண்டுகளாகச் செவிலிமேடு பேருந்து நிறுத்தத்துக்குப் பின்னால் தகரக் கொட்டகை போட்டு வண்டிகளுக்கு எலக்ட்ரிக் வேலை பார்க்கிறார். ஹாரன் கத்தவில்லை என்று வருவார்கள், விளக்கு எரியவில்லை என்று வருவார்கள், ஏசி காற்று வரவில்லை என்று சண்டைக்கே வருவார்கள். ஹீட்டர் வேலை செய்யவில்லை என்று ஒருவர்கூட வந்ததில்லை. வேலை செய்கிறது என்றுதான் புகார் வரும். அதை நிறுத்திக் கொடுத்து அனுப்புவார்.

அவருடைய அப்பா சாமுவேல், பாலாற்றங்கரையில் அடுத்தவர் நிலத்து பம்ப்செட்டுக்குக் காவல் இருந்தவர். மோட்டார் நின்றுபோனால் சைக்கிளை மிதித்துக்கொண்டு ஊருக்குள் போய் யாரையாவது கூட்டி வருவதுதான் அவர் வேலை. அந்த ‘யாராவது’ எப்போதும் சாப்பிட்டுக்கொண்டிருப்பார், அல்லது தூங்கிக்கொண்டிருப்பார். தானே அந்த ஆளாகிவிட்டால் இந்த அலைச்சல் இருக்காதே என்று பதினான்கு வயதில் கிறிஸ்டோபர் முடிவு செய்தார். ஆகியும்விட்டார். இன்றுவரை சாப்பாட்டு நேரத்தில் யார் வந்து நின்றாலும் கையைக் கழுவிக்கொண்டு எழுந்துவிடுவார். அது அப்பாவுக்குக் கட்டும் வட்டி என்பார்.

தொழிலில் அவருக்கு இரண்டு பிடிவாதங்கள். ஒன்று, எங்கே கோளாறு என்று தெரியாமல் பேட்டரியிலிருந்து நேராக ஒரு வயரை இழுத்து ஓட்டிவிட மாட்டார். வேலை பழகிய காலத்தில் அப்படி இழுத்த ஒரு கல்யாணக் கார், மாப்பிள்ளையை இறக்கிவிட்ட ஐந்தாவது நிமிடம் மாலையோடு எரிந்ததைப் பார்த்தவர். இரண்டாவது, வயர்களைக் கட்டாகச் சேர்க்க மற்றவர்களைப் போல பிளாஸ்டிக் டேப் சுற்ற மாட்டார். நம் ஊர் வெயிலில் அது இளகிப் பிசுபிசுத்துவிடும். கிறிஸ்டோபர் பட்டு நூலால் கட்டுவார். வேலைக்கு வரும் தறிக்காரர்கள் கழிவு நூல் ஒரு பிடி கொண்டுவந்து கொடுப்பார்கள். இரண்டு விரற்கடைக்கு ஒரு முடிச்சு என்று அவர் கட்டிய வயரைப் பார்த்தால் ஏதோ கல்யாணத்துக்குக் கிளம்பியதுபோல இருக்கும். அந்த முடிச்சு இருக்கும் இடத்தில் கோளாறு வராது என்பது செவிலிமேட்டில் எல்லோருக்கும் தெரியும். எல்லோருக்கும் தெரியும்படி அவரே சொல்லி வைத்திருந்தார்.

போன கார்த்திகையில், மூன்றாவது நாளாக மழை விடாமல் பெய்துகொண்டிருந்த ஒரு காலையில், பெரிய காஞ்சிபுரத்து உமாபதி தன் வேனை ஓட்டிக்கொண்டு வந்து கொட்டகைக்குள் பாதியும் மழைக்குப் பாதியுமாக நிறுத்தினார். உமாபதி பட்டு நூலுக்குச் சாயம் போடுபவர். வேன், ஊட்டியில் ஓடிச் சளைத்துப்போய் மலிவாகக் கிடைத்த பழைய வண்டி. கதவைத் திறந்ததும் கிறிஸ்டோபர் ஒரு அடி பின்வாங்கினார். இருக்கைகளைக் கழற்றிவிட்டு, கூரைக்குக் கீழே நீளவாக்கில் மூங்கில்கள் கட்டி, அவற்றில் வளையம் வளையமாகப் பட்டு நூல் சிட்டங்கள் தொங்கிக்கொண்டிருந்தன. எல்லாம் அரக்குச் சிவப்பு. எல்லாம் சொட்டச் சொட்ட ஈரம்.

ஹீட்டரில் காற்று வரவில்லை என்றார் உமாபதி.

கிறிஸ்டோபர் மழையைப் பார்த்தார், உமாபதியைப் பார்த்தார், குளிருதா என்று கேட்டார்.

குளிர் தனக்கில்லை, நூலுக்கு என்று உமாபதி விளக்கினார். போன மழைக்காலத்தில் ஈர நூலை ஏற்றிக்கொண்டு வரும்போது தற்செயலாக ஹீட்டரைப் போட்டாராம். வாலாஜாபாத்திலிருந்து வீடு வந்து சேர்வதற்குள் நூல் காய்ந்து பஞ்சாகப் பறந்ததாம். அன்றிலிருந்து மழைக்காலத்தில் இந்த வேன்தான் அவருடைய கொடி, வெயில், மொட்டை மாடி எல்லாம். இந்த வருடம் முதல் மழைக்குச் சுவிட்சைப் போட்டால், சத்தமும் இல்லை, காற்றும் இல்லை.

“தென்னேரில ஒரு கல்யாணப் பொண்ணுபா, சத்யப்ரியான்னு. அஞ்சு செவப்பக் காட்டினேன், அஞ்சயும் தள்ளிடுச்சு. ஆறாவது இது. இது நான் போட்டது இல்ல, தானா வுழுந்தது. எத்தினி பிடி சாயம், எத்தினி சொம்பு தண்ணின்னு கேட்டா எனக்கே தெரியாது. மறுக்கா வராது.”

நாளைக் காலையில் தறிக்கு நீளவாட்டு நூலான பாவு ஓட்ட ஆட்கள் வருகிறார்கள். நாளை தறியேறினால்தான் புடவை முகூர்த்தத்துக்கு வரும். இன்று சாயங்காலத்துக்குள் நூல் காயாவிட்டால், தொங்கும் சிட்டத்தின் அடிப்பக்கம் சாயம் இறங்கித் திட்டுத் திட்டாகிவிடும். திட்டு விழுந்த நூலைப் பாவாக்கினால் புடவை முழுக்கத் தேமல் வந்த மாதிரி இருக்கும். உமாபதி ஒரு சிட்டத்தின் அடியைத் தொட்டு, விரலைப் பார்த்து, வேட்டியில் துடைத்துக்கொண்டார். வேட்டியில் ஏற்கெனவே அப்படிப் பத்துப் பன்னிரண்டு விரல்கள் இருந்தன.

“இந்த வண்டி நம்மகிட்ட வந்துருக்குதில்லண்ணா?” என்று கேட்டார் கிறிஸ்டோபர்.

வந்திருந்தது. வெயில் காலத்தில் ஹாரனுக்காக. ஊட்டி வளைவுகளுக்கென்று வைத்த ஹாரன், ரங்கசாமிக் குளத்துப் பக்கம் அடித்தால் ஆடிசன்பேட்டையில் ஆள் ஒதுங்கும். அதை மாற்றியது இருவருக்கும் நன்றாக நினைவிருந்தது. சேர்ந்து சிரித்தார்கள். அந்தச் சிரிப்போடு வேலை தொடங்கியது.

டேஷ்போர்டுக்குக் கீழே தலையை விட்டு மல்லாந்து படுத்தார் கிறிஸ்டோபர். உள்ளே போகும்போதும் வெளியே வரும்போதும் மேலே இருந்த சிட்டம் அவர் நெற்றியில் ஒரு சொட்டு விட்டது. ஃப்யூஸைப் பார்த்தார். நன்றாக இருந்தது. டெஸ்ட் லாம்பை வைத்தார். கம்பி முனையில் ஒரு சின்ன பல்பு, கரன்ட் இருந்தால் எரியும், இல்லாவிட்டால் எரியாது, பொய் சொல்லாது. ஃப்யூஸின் இரண்டு காலிலும் எரிந்தது. சரி, மோட்டார் போயிருக்கும் என்று ப்ளோயரைக் கழற்றி வெளியே எடுத்து, பேட்டரியில் வைத்துத் தொட்டார். அது ஒரு வேப்பிலைக் கொத்தையும், காய்ந்த பல்லி ஒன்றையும், கைப்பிடி பட்டுப் பிசிறையும் உமாபதியின் முகத்தில் துப்பிவிட்டுச் சுறுசுறுப்பாகச் சுற்றியது. மோட்டாரும் நன்றாக இருந்தது. திருப்பி மாட்டினார். எர்த் பார்த்தார். இருந்தது. சுவிட்சுக்கு வந்தார். சுவிட்சுக்குக் கரன்டே வரவில்லை.

ஃப்யூஸ் வரைக்கும் வருகிற கரன்ட் சுவிட்சுக்கு வரவில்லை. இரண்டுக்கும் நடுவில் ஒன்றரை முழ வயர். வேறு ஒருவராக இருந்தால் அந்த ஒன்றரை முழத்தைத்தான் முதலில் பிரித்துப் பார்த்திருப்பார். கிறிஸ்டோபரும் பார்த்தார். கிளிப்பச்சைப் பட்டு நூலில், இரண்டு விரற்கடைக்கு ஒரு முடிச்சாக, அழகாகக் கட்டியிருந்தது. தன் கை. ஹாரன் மாற்றியபோது கட்டியிருப்போம் என்று நினைத்துக்கொண்டார். தன் கட்டில் கோளாறு இராது. எனவே அதை விட்டுவிட்டு மற்ற எல்லாவற்றையும் சந்தேகப்பட்டார்.

அதற்குள் கொட்டகையில் கூட்டம் சேர்ந்துவிட்டது. பேருந்து நிறுத்தத்துக் கூரை நான்கு பேருக்குத்தான் போதும். மழையென்றால் மிச்சமிருப்பவர்கள் எல்லாம் கிறிஸ்டோபரிடம்தான் ஒதுங்குவார்கள். ஒதுங்கியவர் சும்மா நிற்பதில்லை. பூக்கூடையோடு நின்ற ஒருவர், சுவிட்சைத் தட்டிப் பார்க்கச் சொன்னார். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர், குடையை மடக்காமலே உள்ளே நின்றுகொண்டு, உஷ்ணம் என்பது மேல்நோக்கிச் செல்வது, ஆகவே வண்டியைச் சரிவில் நிறுத்தினால் தானே காற்று வரும் என்றார். ஆட்டோ ஓட்டும் குமாரவேல் பேட்டரியிலிருந்து ஒரு வயரை நேராக இழுத்துவிட்டால் இரண்டு நிமிட வேலை என்றான்.

“ஈர நூலு, மூங்கிலு, நடுவுல ஃப்யூஸ் இல்லாத வயரு. நீ வந்து உள்ள ஒக்காந்துக்கிறியா?” என்று டேஷ்போர்டுக்கு அடியிலிருந்து குரல் வந்தது.

குமாரவேல் அதற்குப் பிறகு யோசனை சொல்லவில்லை. ஆனால் பத்து நிமிடம் கழித்து, கிறிஸ்டோபர் வெளிச்சத்துக்காகத் தலையை வெளியே நீட்டியபோது, ஓடிப்போய் ஆட்டோவைக் கிளப்பிக்கொண்டு வந்துவிட்டான். நெற்றியிலும் கன்னத்திலும் கழுத்திலும் சிவப்பு வழிந்துகொண்டிருந்தால் யார்தான் பதற மாட்டார்கள். அது சாயம் என்று நம்பவைக்க உமாபதி தன் வேட்டியைக் காட்ட வேண்டியிருந்தது. அதைப் பார்த்ததும் குமாரவேல் இரண்டு பேரையும் ஏறச் சொன்னான்.

பதினொரு மணிக்கு உமாபதிக்குப் பொறுமை போய்விட்டது. இன்ஜினை ஓடவிட்டால் ஹீட்டர் பெட்டி சூடாகத்தானே இருக்கிறது, காற்றுத்தானே இல்லை, காற்றை நாம் கொடுப்போம் என்றார். பின்பக்கத்திலிருந்து ஒரு கட்டு பழைய ஜக்கார்டு அட்டைகளை இழுத்துப் போட்டார். புடவைக் கரைக்குப் பூவும் யாளியும் வருவதற்காகத் தறியின் மேலே ஓடுகிற, ஓட்டை போட்ட நீள அட்டைகள். ஒதுங்க வந்தவர்கள் கைக்கு ஒன்றாக வாங்கிக்கொண்டு வேனைச் சுற்றி நின்று வீசினார்கள். மேலிருந்து கீழே வீசவேண்டும் என்று தலைமையாசிரியர் தாளம் போட்டார். கால் மணி நேரம் வீசியதில் வீசினவர்களுக்கு நன்றாக வியர்த்தது. நூல் வியர்க்கவுமில்லை, காயவுமில்லை. அட்டையில் இருந்த ஓட்டைகள் வழியாகப் பாதிக் காற்று போய்விடுகிறது என்று பூக்காரர் கண்டுபிடித்தார்.

நிறுத்தத்தில் ஒரு பேருந்து வந்து நின்று, பார்த்துவிட்டுப் போனது. யாரும் ஏறவில்லை.

கிறிஸ்டோபர் ஃப்யூஸை மாற்றினார். ரிலேவை மாற்றினார். சுவிட்சைப் பிரித்துத் துடைத்துச் சேர்த்தார். நேரம் போகப் போக அவருக்குக் கோபம் வந்தது. ஊட்டியில் யாரோ ஒரு கைகாரன் இந்த வண்டிக்குள் பூந்து, வரைபடத்தில் இல்லாத ஏதோ வேலை செய்து வைத்திருக்கிறான் என்று முடிவுக்கு வந்தார். கூட்டத்துக்கு முன்னால் அவனை நிதானமாக, பெயர் சொல்லாமல், பரம்பரையோடு வைதார்.

“அந்த ஆளு மட்டும் கைல கெடைச்சான், அடிக்க மாட்டேன். இந்த வண்டிய அவன் கையாலயே கழுவ வெப்பேன். டயர்லேர்ந்து கூர வரிக்கும்.”

நியாயம் என்றார் தலைமையாசிரியர். உமாபதியும் நியாயம் என்றார். டயருக்கு நடுவில் இருக்கிற சேற்றையும் சேர்த்துக்கொள்ளச் சொன்னார். சொல்லிவிட்டு மறுபடி ஒரு சிட்டத்தின் அடியைத் தொட்டுப் பார்த்தார். மேல் பக்கத்தைவிட அடிப்பக்கம் ஒரு நிழல் அடர்ந்திருந்தது. சிட்டங்களை ஒவ்வொன்றாகத் தலைகீழாகத் திருப்பிப் போட ஆரம்பித்தார். சாயத்தை ஏமாற்றுகிற வேலை. பதினெட்டுச் சிட்டத்தைத் திருப்பி முடிப்பதற்குள் முதல் சிட்டம் மறுபடி இறங்கத் தொடங்கிவிடும். அவர் திருப்பிக்கொண்டே இருந்தார். அதைக் கீழேயிருந்து பார்த்த கிறிஸ்டோபருக்கு இன்று சாப்பாடு வேண்டாம் என்று தோன்றியது.

சாப்பாடு வந்துவிட்டது. அவர் மனைவி ஏஞ்சல், கடைகளுக்குப் பட்டுப் புடவையில் ஃபால்ஸ் தைத்துக் கொடுப்பவர், ஒரு கையில் குடையும் ஒரு கையில் தூக்குமாக வந்து நின்றார். புருஷனின் முகத்தைப் பார்த்தார். ரத்தம் என்று அவர் நினைக்கவில்லை. நல்ல அரக்கு என்றார். பிறகு என்ன சங்கதி என்று கேட்டார். ஏழெட்டுப் பேர் ஒரே நேரத்தில் சொன்னார்கள். ஏஞ்சல் குனிந்து டேஷ்போர்டுக்கு அடியில் எட்டிப் பார்த்தார்.

“அந்தப் பச்சைக் கட்டப் பிரிச்சியாயா?”

“அது என்னோட கட்டு, ஏஞ்சலு.”

“அதான் கேக்கறேன்.”

“என் கட்டுல இன்னா இருக்கப் போவுது?”

“ஏன், உன் முடிச்சப் பாத்தா கரன்ட் கும்புட்டுட்டுப் போவுமா? தையல் பிரிஞ்சா நான் மொதல்ல என் தையலத்தான் பாப்பேன்.”

கூட்டம் ஒரு அடி நெருங்கி வந்தது. கிறிஸ்டோபர் அந்தப் பச்சைக் கட்டைப் பார்த்தார். காலையிலிருந்து அவர் சந்தேகப்படாத பொருள் இந்த வண்டியில் அது ஒன்றுதான். எல்லோரையும் போய் டீ குடித்துவிட்டு வரச் சொல்லலாமா என்று ஒரு கணம் நினைத்தார். ஆனால் இது காஞ்சிபுரம். நூலில் ஒருவன் முடிச்சவிழ்க்கப் போகிறான் என்று தெரிந்தால், தீபாவளித் தள்ளுபடி என்று சொன்னாலும் ஒருத்தரும் நகர மாட்டார்கள்.

மல்லாந்து படுத்து நகத்தை வைத்தார். முடிச்சு அசையவில்லை. அவர் முடிச்சு அவ்வளவு நல்ல முடிச்சு. கத்தரியை எடுத்தார். நூலை வெட்டுவதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியாமல் உமாபதி இன்னொரு பக்கத்திலிருந்து உள்ளே புகுந்தார். இரண்டு தலைகளும் டேஷ்போர்டுக்குக் கீழே ஒன்றையொன்று இடித்துக்கொண்டன. உமாபதி வலது கைக் கட்டைவிரல் நகத்தால் முடிச்சின் வயிற்றை ஒரு தள்ளு தள்ளினார். அது மலர்ந்துவிட்டது. அடுத்தது. அதற்கடுத்தது. நான்காவது முடிச்சில் அவர் கை நின்றது. நூலை வெளிச்சத்துக்குத் திருப்பினார்.

“இது என் கிளிப்பச்சைபா.”

கிறிஸ்டோபர் கட்டுக்குள் பார்த்தார். பிரிந்த கட்டுக்குள் ஒரு சிவப்பு வயர் இரண்டாக வெட்டப்பட்டு, இரண்டு முனையும் ஒழுங்காக மூடப்பட்டு, பின்னுக்கு மடித்து, கோபித்துக்கொண்டு திரும்பிப் படுத்த புருஷன் பெண்டாட்டி போலக் கிடந்தது. நேர்த்தியான வெட்டு. ஊரில் அப்படி வெட்டுகிற கை ஒன்றுதான்.

இருவருக்கும் ஒரே நேரத்தில் நினைவு வந்தது. அக்கினி நட்சத்திரம். உமாபதி மாமியாரை ஏற்றிக்கொண்டு பாலாற்றுக்கு அக்கரைப் பக்கம் போய்த் திரும்புகிறார். சுவிட்ச் சிக்கிக்கொண்டு ஹீட்டர் அணைய மாட்டேன் என்கிறது. செவிலிமேடு வருவதற்குள் மாமியார் மயங்கிவிடுகிறார். இதே கொட்டகையில் அவர் முகத்தில் தண்ணீர் தெளித்துக்கொண்டே, இந்தக் கழுதை இனி ஜென்மத்துக்கும் ஊதக் கூடாது என்று உமாபதி சொல்கிறார். ஐந்து நிமிட வேலை. கட்டுவதற்கு நூல் இல்லை என்றதும், வண்டியில் கிடந்த பச்சைக் கழிவு நூலை அவரே எடுத்துக் கொடுக்கிறார். கையோடு கையாக அந்த ஹாரனையும் மாற்றச் சொல்கிறார்.

டேஷ்போர்டுக்கு அடியில் இரண்டு பேரும் கொஞ்ச நேரம் வெளியே வராமல் இருந்தார்கள்.

“நீ ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமேபா, கிறிஸ்டோபரு,” என்றார் உமாபதி மெல்ல.

“நீதானேண்ணா சொன்ன, ஜென்மத்துக்கும்னு.”

“ஆமா. நாந்தான் சொன்னேன்.”

வெளியிலிருந்து தலைமையாசிரியர், ஆள் அகப்பட்டானா என்று விசாரித்தார். அகப்பட்டுவிட்டான் என்றார் கிறிஸ்டோபர். தனியாக வரவில்லை, இரண்டு பேராக இருக்கிறார்கள் என்றார் உமாபதி.

வயரை இணைக்க மூன்று நிமிடம் ஆனது. மறுபடி கட்ட நூல் வேண்டும் என்று கையை நீட்டியபோது, உமாபதி பழைய பச்சையைக் கொடுக்கவில்லை. தொங்கிய ஒரு சிட்டத்தின் ஓரத்திலிருந்து ஒரு முழம் அரக்குச் சிவப்பை உருவிக் கொடுத்தார். அடுத்த தடவை பார்த்தால் மறக்காது என்றார். ஏஞ்சல் புடவைக்குக் குறியிடுகிற பென்சிலை எடுத்து, கழற்றி வைத்திருந்த டேஷ்போர்டு மூடியின் உள்பக்கத்தில், ‘மே மாதம் யார் கேட்டாலும் வெட்டக் கூடாது’ என்று எழுதி, இரண்டு பேரிடமும் கையெழுத்து வாங்கினார்.

சுவிட்சைப் போட்டதும் ப்ளோயர் ஒரு செருமல் செருமியது. பிறகு ஊதியது. முதல் வரிசைச் சிட்டங்கள் மெல்ல அசைந்தன. வெதுவெதுப்பு பின்வரிசை வரை போனதும் உமாபதி கதவுகளை ஒவ்வொன்றாகச் சாத்தினார், தூங்குகிற வீட்டில் சாத்துவதுபோல. இரண்டு மணி நேரம் இன்ஜின் ஓட வேண்டும் என்றார். கூட்டத்தில் யாரோ கை தட்டினார்கள். அதே நேரம் பேருந்து வந்தது. கன்னத்திலும் சட்டையிலும் ஆளுக்கு நாலு சிவப்புப் பொட்டோடு அத்தனை பேரும் ஏறினார்கள். கண்டக்டர் விசிலை வாயில் வைத்துக்கொண்டு ஊத மறந்தார். தலைமையாசிரியர் மட்டும் படியில் நின்று திரும்பினார்.

“டயரிலிருந்து கூரை வரைக்கும் என்று சொன்னதாக ஞாபகம்.”

கிறிஸ்டோபர் வாளியை எடுத்தார். மழை கொட்டிக்கொண்டிருந்தது. ஒரு டயரைத் தேய்த்து முடிப்பதற்குள் அதில் வேறு சேறு வந்து உட்கார்ந்தது. அவர் மறுபடி தேய்த்தார். உமாபதி கொஞ்ச நேரம் கொட்டகையில் நின்று பார்த்தார். பிறகு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, ஒரு பழந்துணியோடு இறங்கி, மறுபக்கத்திலிருந்து தொடங்கினார். தூக்கு ஆறிக்கொண்டிருக்கிறது என்று ஏஞ்சல் இரண்டு முறை கூப்பிட்டார். யாரும் வரவில்லை. அந்த வழியாகப் போன குமாரவேல் ஆட்டோவை நிறுத்தி, கொட்டுகிற மழையில் இரண்டு பெரியவர்கள் ஒரு வண்டியைத் தண்ணீர் ஊற்றிக் கழுவுவதைப் பார்த்தான். இந்தத் தடவை அவன் யாரையும் ஏறச் சொல்லாமல் ஆட்டோவைக் கிளப்பிக்கொண்டு போனான்.

மூன்றரை மணிக்குக் கூரைக்கு வந்தார்கள். கண்ணாடிக்கு உள்ளே ஆவி படிந்து வெளுத்திருந்தது. அது கொஞ்சம் கொஞ்சமாக விலக ஆரம்பித்ததும் உமாபதி துணியைக் கீழே போட்டுவிட்டு, உள்ளங்கையால் வெளிப்பக்கத்து மழையை வழித்து, கண்ணாடியில் மூக்கு படும்படி நின்றார். கிறிஸ்டோபர் வாளியைப் பிடித்தபடி அவர் முகத்தையே பார்த்தார்.

உள்ளே பதினெட்டுச் சிட்டங்களும் லேசாகிப் பறந்துகொண்டிருந்தன. உமாபதி மேலிருந்து கீழாக ஒவ்வொன்றாகப் பார்த்தார். கடைசிச் சிட்டத்தை இரண்டு தரம் பார்த்தார். மேலேயும் அடியிலும் ஒரே சிவப்பு.

“இந்தப் பக்கம் இன்னும் சேறு இருக்குதுபா,” என்று சொல்லிக் குனிந்து துணியை எடுத்தார்.